2,400 மீட்டர் உயரத்தில் ஒரு கிராமம்: வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள தீவு நாடான பப்புவா நியூ கினியின் எங்கா மாகாணத்தில், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு மலைக்கிராமத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்குப் பக்கத்துப் பள்ளியொன்றில் 1990-களில் சில ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற வரை இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் ஊட்டியும் 2,240 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. எங்களுக்குச் சாலை இருக்கிறது, ரயில் இருக்கிறது. நீங்கள் எழுதிய ஊருக்கு மட்டும் ஏன் இன்னும் ஒற்றையடிப் பாதை?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், உதகமண்டலம்

பதில்: ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களின் வரலாறு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நீலகிரிக்குக் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் ஏறி வந்தது 1819-ல். ரயில் உங்கள் ஊரை அடைந்தது 1908-ல். கோடை வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேயர்களுக்கு ஊட்டி தேவைப்பட்டதால், பணமும் பாதையும் மலையேறின. பப்புவா நியூ கினியிலோ, 1930 வரை கடற்கரையிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் தீவின் நடுப்பகுதியில் ஆள் நடமாட்டமற்ற மலைமுகடுகள் மட்டுமே இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அவ்வாண்டு மைக்கேல் லீஹி, மைக்கேல் டுவயர் என்னும் இரு ஆஸ்திரேலியர்கள் தங்கம் தேடி உள்ளே போனபோதுதான், முகடுகளுக்கு நடுவே விரிந்த பள்ளத்தாக்குகளில் லட்சக்கணக்கானோர் நேர்த்தியாக வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்து வாழ்வதை வெளியுலகம் அறிந்தது. இன்றும் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் உயர்நிலப் பகுதியில்தான் வாழ்கிறார்கள்.

மக்கள் ஏன் மலையில் குவிந்தார்கள் என்று கேட்டால், முதற்காரணம் கொசு. ஏறத்தாழ 1,600 மீட்டருக்கு மேல் மலேரியா நிலைத்து நிற்பதில்லை. தாழ்நிலத்தில் அது குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. ஆகவே நமக்கு ‘எட்டாத மலை’ என்று தோன்றும் இடம் அவர்களுக்குக் குடியிருக்கத் தக்க இடம். நமக்கு வசதியாகத் தோன்றும் சமவெளி அவர்களுக்குக் காய்ச்சல் காடு.

சாலையைப் பொறுத்தவரை, தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து உயர்நிலத்துக்கு இன்றுவரை தரைவழியே கிடையாது. கடற்கரையிலுள்ள லே நகரிலிருந்து கோரோகா, மவுண்ட் ஹேகன் வழியாக ஏறும் ஒரே நெடுஞ்சாலைதான் பல மாகாணங்களுக்கு உயிர்நாடி. மழைக்காலத்தில் அது ஓரிடத்தில் சரிந்தால், மேலேயுள்ள கடைகளில் பெட்ரோலும் உப்பும் ஒரே வாரத்தில் விலையேறிவிடும். அதிலிருந்து விலகியிருக்கும் ஊர்களுக்குச் சிறு விமானமே பேருந்து. ஓடுதளம் என்றால் தட்டையான மைதானத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். மலைச்சரிவில் வெட்டிய புல்தரை அது; விமானம் மேட்டை நோக்கி இறங்கும், பள்ளத்தை நோக்கிப் புறப்படும். நடுப்பகலில் மேகம் அடைத்துக்கொள்ளும் என்பதால் எல்லாப் பயணமும் காலையிலேயே. ஓடுதளத்துப் புல்லை வெட்டுவது ஊர்ப் பொது வேலை. வெட்டாவிட்டால் விமானம் வராது.

கேள்வி: அரிசியே விளையாத ஊரில் மூன்று வேளையும் என்ன சாப்பிடுவார்கள்?
– குடும்பத்தலைவி, ஓமலூர்

பதில்: சர்க்கரைவள்ளிக் கிழங்கு. காலையிலும் அதுதான், இரவிலும் அதுதான், பள்ளிக்குப் பிள்ளைகள் பையில் கொண்டுவருவதும் அதுதான். அந்நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் அதன் பெயர் ‘கௌகௌ’. நாம் அவித்து உரித்துச் சிற்றுண்டியாகத் தின்னும் கிழங்கைவிட இனிப்புக் குறைந்தது, மாவுத்தன்மை மிகுந்தது. கணப்பின் சூடான சாம்பலில் புதைத்துச் சுட்டு, மேல்தோலைத் தட்டிவிட்டு உண்பார்கள். சேம்பு, வாழை, கரும்பு, கீரை வகைகள் உண்டு. சிறகவரையைக் காய்க்காக மட்டுமன்றி, மண்ணுக்கடியில் அது வைக்கும் கிழங்குக்காகவும் வளர்ப்பவர்கள் உயர்நிலத்தில் இருக்கிறார்கள்.

வேளாண்மை அங்கே நேற்று வந்ததன்று. மவுண்ட் ஹேகனுக்கு அருகிலுள்ள குக் என்னும் சதுப்பு நிலத்தில், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மண்ணை மேடாகக் கூட்டிப் பயிர் செய்ததற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் இன்று அவர்கள் உயிராக நினைக்கும் கிழங்கு தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அது அந்த மலைக்கு வந்து சுமார் 300 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்பு சேம்பே முதன்மைப் பயிர். குளிரிலும் வலுவற்ற மண்ணிலும் சர்க்கரைவள்ளி சேம்பை வென்றது; 2,700 மீட்டர் வரை ஏறிப்போயிற்று; மனிதர்களும் அதன் பின்னால் ஏறினார்கள். நம் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்ததுதான் என்பதை நினைத்தால், ‘பாரம்பரிய உணவு’ என்ற சொல்லை நாம் சற்று அடக்கத்தோடு பயன்படுத்தலாம்.

எங்கா மக்களின் கைத்திறன் அவர்கள் கூட்டும் மண்மேட்டில் இருக்கிறது. இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில் வட்டமாக மண்ணை ஒதுக்கி, நடுவிலுள்ள குழியில் புல், இலைதழை, பழைய கொடி ஆகியவற்றைக் குவித்து, அது மக்கத் தொடங்கியதும் மண்ணை மேலே இழுத்து மூடி, அந்த மேட்டின் மீது புதுக்கொடியை நடுவார்கள். உள்ளே மக்கும் தழை உரமாகிறது. மண்ணுக்குச் சற்று வெதுவெதுப்பும் கொடுக்கிறது. நீர் தேங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் கனத்த குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில் வழிந்து படியும்போது, மேட்டின் மேல் இருக்கும் கொடி அதற்கு எட்டாமல் தப்பிக்கிறது. இதை எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அறிவியல் ஆசிரியனாகிய நான் வெப்பக் கடத்தலைக் கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருக்க, என் மாணவிகளின் தாய்மார்கள் ஜன்னலுக்கு வெளியே அதையே மண்ணில் செய்துகொண்டிருந்தார்கள்.

கிழங்கை ஒட்டுமொத்தமாக அறுவடை செய்து களஞ்சியத்தில் சேர்க்கும் வழக்கமும் இல்லை. பெரிய கிழங்கைத் துழாவி எடுத்துக்கொண்டு சிறியதை விட்டுவிடுவார்கள். மேடுதான் களஞ்சியம்.

கேள்வி: பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் பனி உறையுமா? சென்ற இதழில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.
– பொறியியல் மாணவர், கோவில்பட்டி

பதில்: உறையும், அதை நான் பார்த்திருக்கிறேன். சாதாரண ஆண்டுகளில் இரவு மேகம் போர்வையைப் போல மூடியிருப்பதால் நிலத்தின் வெப்பம் வெளியேறுவதில்லை. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் மழை பொய்க்கும், மேகம் விலகும், இரவு வானம் பளிங்காகத் தெளியும். அன்று விடியும்போது கொடிகள் கறுத்துக் கிடக்கும். 1972, 1997, 2015 ஆகியவை அவ்வாறு வந்த பெரிய ஆண்டுகள். நீலகிரியில் உறைபனி ஆண்டுதோறும் மார்கழி, தை மாதங்களில் வருவதால் விவசாயிகள் அதற்கேற்ப ஆயத்தமாக இருக்கிறார்கள். அங்கே எப்போதோ வருவதால்தான் அது பேரிடர். கொடி கருகினால் நடுவதற்குக் கொடித்துண்டும் இல்லாமல் போகிறது. கீழேயிருந்து கொண்டுவந்து நட்டாலும் அந்த உயரத்தில் கிழங்கு விளைய எட்டு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகும்.

முற்காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மேலே இருப்பவர்கள் கீழ்ப் பள்ளத்தாக்கில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பன்றி கொடுத்துப் பன்றி வாங்கி, உறவைப் பேணி வைப்பார்கள். பனி தாக்கினால் குடும்பத்தோடு, பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் நடந்து சம்பந்திகளின் ஊருக்குப் போய்விடுவார்கள். அங்கே உழைக்க நிலம் கிடைக்கும். ஊர் தழைத்ததும் திரும்புவார்கள். வெளியார் கண்ணுக்கு வெறும் விருந்தும் சீருமாகத் தெரிந்தவை உண்மையில் பனிக்கு எதிரான காப்பீடு. 1972-ல், அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஆஸ்திரேலிய நிர்வாகம் உணவுப் பொருள்களைக் கொண்டுவந்து இறக்கி, மக்கள் இடம்பெயராமல் இருக்கச் செய்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆயினும் அதன்பிறகு பனி என்றால் சம்பந்தி வீட்டை நோக்கிய கண்கள் அரசாங்கக் கிடங்கையும் நோக்கத் தொடங்கின.

1997-ல் எங்கள் பள்ளியில் மாணவர் வருகை நாளுக்கு நாள் குறைந்தது. பதிவேட்டில் நான் ‘வரவில்லை’ என்று எழுதிய பிள்ளைகளில் பலர் பெற்றோரோடு கீழே நடந்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கேள்வி: அவர்கள் நரமாமிசம் உண்பவர்கள் என்று சொல்கிறார்களே, உங்களுக்குப் பயமாக இல்லையா?
– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: இந்தக் கேள்வி பதினோரு கடிதங்களில் வந்தது. பயமாக இல்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, இல்லையென்றால் தன் கிழங்கில் பாதியைப் பிட்டுக் கொடுப்பவரைக் கண்டு எதற்குப் பயப்படுவது?

இருந்தாலும் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. கிழக்கு உயர்நில மாகாணத்தில் ஃபோரே என்னும் ஓர் இனத்தாரிடம், இறந்த உறவினரின் உடலை மண்ணுக்கும் புழுவுக்கும் விடாமல் தாமே உண்டு வழியனுப்பும் ஈமச்சடங்கு இருந்தது. அது பகையன்று, பாசம். அதனால் ‘குரு’ என்னும் கொடிய மூளைநோய் பரவியது. பெண்களும் குழந்தைகளுமே பெரும்பாலும் இறந்தார்கள். 1957 முதல் அதை ஆராய்ந்த கார்ல்டன் காஜ்டுசெக்குக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1960-ஐ ஒட்டி அந்தச் சடங்கு நின்றுபோயிற்று. ஆனால் நோய் உடலுக்குள் ஐம்பது ஆண்டுகள் வரைகூட உறங்கிக் கிடக்கக்கூடியது என்பதால், சிறுவயதில் அந்தச் சடங்கில் பங்குகொண்டவர்களில் சிலர் இந்த நூற்றாண்டிலும் இறந்தார்கள். ஒரு சிறு இனத்தின் ஒரு சடங்கை எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் ஒரு நாட்டின் மீது ஏற்றிச் சொல்வது முறையன்று.

கேள்வி: வெற்றிலை பாக்கு அங்கேயும் உண்டாமே?
– வெற்றிலை வியாபாரி, கும்பகோணம்

பதில்: உண்டு, உங்கள் வியாபாரம் அங்கே அமோகமாக நடக்கும். ‘புவாய்’ என்று பாக்கைச் சொல்வார்கள். பச்சைப் பாக்கைப் பல்லால் உரித்து மென்று, வெற்றிலைக் கொடியின் இலைக்குப் பதிலாக அதன் நீண்ட காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிப்பார்கள். பாக்குமரம் தாழ்நிலத்துப் பயிர். எங்கள் உயரத்தில் வளராது. ஆகவே மூட்டை மூட்டையாகக் கடற்கரையிலிருந்து மலைக்கு ஏறும். ஒவ்வொரு சந்தையிலும் கை மாறி, உச்சியை அடையும்போது விலை பலமடங்காகியிருக்கும். எச்சில் கறை தாங்காமல் 2013-ல் தலைநகரில் பாக்கு விற்பனைக்குத் தடை விதித்தார்கள். கடத்தல் பெருகியதே தவிர மெல்லுவது குறையவில்லை. வாய்ப்புற்றுநோய் மிகுந்த நாடுகளில் அதுவும் ஒன்று. இதைத் தங்களிடம் சொல்வதற்கு மன்னிக்கவும்.

கேள்வி: கிராமத்தில் பிரசவம் எப்படி நடக்கிறது? என்னென்ன நோய்கள் வரும்?
– கிராம சுகாதாரச் செவிலியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: பல ஊர்களுக்கும் சேர்த்து ‘எய்ட் போஸ்ட்’ என்னும் ஒரு சிறு மருந்தகம் இருக்கும், அதில் ஒரு சுகாதாரப் பணியாளர் இருப்பார், மருந்து இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பிரசவம் சிக்கலானால் இரண்டு கழிகளில் போர்வையைக் கட்டி, ஆறேழு பேர் மாறி மாறித் தோள்கொடுத்து, மலைச்சரிவில் இறக்கிச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். நம் ஜவ்வாது மலையில் டோலி கட்டித் தூக்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே காட்சிதான்.

மலேரியா இல்லாத ஊரில் மார்புச்சளியும் நிமோனியாவும் அதன் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. குளிருக்காக வீட்டைத் தாழ்வாகவும், இரட்டைச் சுவரோடும், ஜன்னலும் புகைபோக்கியும் இல்லாமலும் கட்டி, நடுவில் கணப்பு மூட்டி உறங்குகிறார்கள். கூரைப்புல் புகையால் கெட்டிப்படுகிறது, பூச்சி வராது. அதே புகை மனிதரின் நெஞ்சிலும் படிகிறது. நாற்பது வயதிலேயே இழுப்போடு மலையேறும் பெண்கள் பலரை நான் அறிவேன்.

செவிலியர் என்பதால் தங்களுக்கு மட்டும் ஒரு செய்தி. ‘பிக்பெல்’ என்று அங்கே ஒரு குடல்நோய் இருந்தது. ஆண்டு முழுவதும் கிழங்கையே உண்டு புரதம் குறைந்த வயிற்றில் டிரிப்சின் என்னும் செரிமான நொதி போதிய அளவில் சுரப்பதில்லை. சுரக்கும் கொஞ்சத்தையும் சர்க்கரைவள்ளியிலுள்ள ஒரு பொருள் முடக்கிவிடுகிறது. பிறகு ஒருநாள் பெருவிருந்து: டஜன் கணக்கில் பன்றிகளைக் கொன்று, சூடேற்றிய கற்களோடு குழியில் இலை மூடி அவித்து உண்கிறார்கள். இறைச்சியோடு உள்ளே போகும் ஒருவகை பாக்டீரியா சுரக்கும் நஞ்சைச் சிதைக்க டிரிப்சின் இல்லாததால், குழந்தைகளின் குடல் அழுகிவிடும். 1980-ல் தடுப்பூசி கொடுக்கத் தொடங்கிய பிறகு இந்நோய் வெகுவாகத் தணிந்தது. பசியும் விருந்தும் சேர்ந்து உண்டாக்கிய இப்படிப்பட்ட நோயை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

கேள்வி: பெண்களின் நிலை எப்படி?
– கல்லூரி விரிவுரையாளர், தஞ்சாவூர்

பதில்: கடினம். மேடு கூட்டுவதில் தொடங்கிப் பன்றி வளர்ப்பது வரை உழைப்பின் பெரும்பகுதி அவர்களுடையது. பன்றியைச் சபையில் கொடுத்துப் புகழ் பெறுவது ஆண்கள். விளைந்த கிழங்கில் பாதியளவு பன்றிக்கே போகும். பெண்வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டார் பன்றியும் பணமும் கொடுத்துத் திருமணம் முடிப்பார்கள்; வரதட்சணையின் கொடுமையை அறிந்த நமக்கு இது நல்ல ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் கணவன் அடித்தால் பிறந்த வீட்டுக்குத் திரும்பும் பெண், வாங்கிய பன்றிகளை அண்ணன்மார் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று தயங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிடும் ‘பிலும்’ என்னும் பின்னல் பையைப் பற்றி ஒரு சொல்: கிழங்கும் விறகும் அதில்தான், கைக்குழந்தைக்கும் அதுவே தூளி. நம் ஊரில் தூளியை மரத்தில் கட்டிவிட்டுத் தாய் வேலை செய்வாள். அங்கே தூளியே தாயோடு நடக்கிறது.

கேள்வி: பணம் எங்கிருந்து வரும்? காப்பி பயிரிடுகிறார்களாமே?
– காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: கோரோகா, வாகி பள்ளத்தாக்குகளில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் அரபிகா காப்பி உண்டு, நிழலுக்கும் மண்வளத்துக்கும் சவுக்கு நடுவார்கள். உங்கள் பகை அங்கேயும் போய்விட்டது: காப்பிக்காய்த் துளைப்பான் 2017-ல் கண்டறியப்பட்டது. ஆனால் காப்பி 2,000 மீட்டரோடு நின்றுவிடும். எங்கள் ஊரில் பணத்துக்கு உருளைக்கிழங்கும், பூச்சிமருந்துக்கான பைரித்ரம் பூவும்தான். 2003-ல் பின்பருவ இலைக்கருகல் நோய் வந்து அந்த உருளைக்கிழங்கையும் பாழாக்கியது.

கேள்வி: தமிழர்கள் இருக்கிறார்களா?
– மாணவி, சிவகாசி

பதில்: உங்கள் ஊரிலேயே பிறந்த சசீந்திரன் முத்துவேல் அங்கே 2012-ல் மேற்கு நியூ பிரிட்டன் மாகாணத்தின் ஆளுநரானார். அது கடலோர மாகாணம். எங்கள் மலையில் அப்போது இருந்த தமிழன் நான் ஒருவன்தான்.

கேள்வி: அத்தனை மொழிகள் உள்ள நாட்டில் எந்த மொழியில் பாடம் நடத்தினீர்கள்?
– தமிழாசிரியர், மன்னார்குடி

பதில்: ஆங்கிலத்தில். புரியாத இடங்களில் டோக் பிசினில். மாணவர்கள் தமக்குள் பேசியது எங்கா மொழி. ஒரே மொழி பேசுவோர் ஒருவரையொருவர் ‘வன்டோக்’ என்பார்கள். வன்டோக் என்றால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். சம்பளம் வாங்கும் ஒருவர் வீட்டில் மாதக் கடைசியில் அவருக்கே கிழங்கு இராது.

தமிழாசிரியர் கேட்டதால் இன்னொன்று. தெற்கு உயர்நிலத்தில் கேவா மக்கள், மலையுச்சிக் காட்டில் ஒருவகைத் தாழைமரத்தின் கொட்டைகளைச் சேகரிக்கப் போகும்போது அன்றாடப் பேச்சை விட்டுவிட்டு, அதற்கென்றே உள்ள வேறொரு சொற்றொகுதியில்தான் பேசுவார்கள். வழக்கமான சொற்களைச் சொன்னால் காய் கெட்டுவிடும் என்பது நம்பிக்கை. இடக்கரடக்கலுக்கு இலக்கணத்தில் ஒரு நூற்பா வைத்த நமக்கு இது புரியாத செய்தியன்று.

கேள்வி: இப்போதாவது மின்சாரமும் தொலைபேசியும் போய்விட்டனவா? அவர்களோடு தொடர்பு இருக்கிறதா?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: நான் இருந்த காலத்தில் இரண்டும் இல்லை. 2018-ல், நாட்டு மக்களில் 13 விழுக்காட்டினருக்கே நம்பத்தக்க மின்சாரம் இருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். 2030-க்குள் அதை 70 விழுக்காடாக உயர்த்துவதாக ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் சேர்ந்து அறிவித்தன. கைபேசியோ மின்கம்பத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2007-க்குப் பிறகு போட்டி நிறுவனம் ஒன்று கோபுரங்களை நட்டதும் அது மலைமேல் ஏறிவிட்டது. கடைக்காரர் சூரியத் தகடு வைத்துக் காசுக்கு மின்னேற்றிக் கொடுப்பார். பேச வேண்டுமானால் ஊருக்கு மேலேயுள்ள முகட்டுக்கு ஏற வேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர், இப்போது அவரும் ஆசிரியர், அந்த முகட்டில் நின்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அழைப்பார். மழைச்சத்தத்தில் பேச்சுப் பாதி கேட்காது. கேட்காவிட்டாலும் மகிழ்ச்சிதான்; “சார், இரவெல்லாம் நட்சத்திரமாக இருக்கிறது” என்று அவர் 2015-ல் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.